கியர் விழவில்லையா? கியர்பெட்டியைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் ஆரம்பமான போதிலும், புதிய வேனின் விலை சிறு வியாபாரிக்கு எட்டுவதாயில்லை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வியாபாரிகள் பலருக்குப் பழைய வேனும் ஒரு முதல்தான். அதைப் பேண வேண்டும்.

ஆசனத்தின் கீழ் இயந்திரம் உள்ள வேன்களில் கியர் தண்டின் அசைவைக் கம்பிகளோ கேபிள்களோ கியர்பெட்டிக்குக் கொண்டு செல்கின்றன. மூட்டுகளிலுள்ள புஷ்கள் தேய்ந்தால் தண்டு ஆடும். கியர் முழுமையாக விழாது. மீன்பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீர் மூட்டுகளைத் துருப்பிடிக்கச் செய்யும்.

முதலில் இயந்திரத்தை நிறுத்திக் கியர்களைப் போட்டுப் பாருங்கள். அப்போது இலகுவாக விழுந்து, இயந்திரம் ஓடும்போது மட்டும் மறுத்தால் குறை பெரும்பாலும் கிளட்சில். நிறுத்தியும் இறுகினால் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒருவர் தண்டை அசைக்க மற்றவர் கீழே பார்க்கட்டும். மூட்டு வீணாக ஆடினால் புஷ் போய்விட்டது.

புஷ்ஷை மாற்றி, கிறீஸ் பூசிய பின்பே நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். தண்டையும் கியர்பெட்டியையும் நியூட்ரலில் வைத்து, பூட்டு நட்டைத் தளர்த்தி, நீளத்தைப் பொருத்தி இறுக்குங்கள். ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியர்களையும் சோதியுங்கள். தேய்ந்த புஷ்ஷை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் மாற்றினால் ஒரு கியர் சரியாகி மற்றது கெடும். எல்லாம் செய்தும் இறுகினால்தான் கியர்பெட்டியைத் திறக்க வேண்டும்.

கம்பியால் கட்டி ஓட வேண்டாம். கண்டி–மஹியங்கனை வீதியின் 18 வளைவுகளில் சரக்குடன் இறங்கும்போது கியர் நழுவினால், வேனைத் தாங்க பிரேக் மட்டுமே மிஞ்சும்.