ஒரே ஒரு டிரா: சென்னை சிட்டியின் 2018-19 சீசனைப் படிப்பது எப்படி?

பாயிண்ட்ஸ் டேபிளில் முதல் பெயரை மட்டும் பார்த்துட்டு நகர்ந்துடுறது நம்ம எல்லாருக்கும் பழக்கம். ஆனா அதை வரி வரியாகப் படித்தால், ஒரு அணி எங்கே ஜெயித்தது, எங்கே தப்பித்தது என்று தெரியும். இந்த இதழின் விளையாட்டுப் பாடம் அதுதான். உதாரணம் நம்ம மாநிலத்திலேயே இருக்கு: 2018-19 ஐ-லீக் கால்பந்தில் சாம்பியன் ஆன சென்னை சிட்டி எஃப்சி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். ஐஎஸ்எல்லில் ஆடும் சென்னையின் எஃப்சி வேற, இது வேற. பெயரில் சென்னை இருந்தாலும் அந்த சீசனில் இவங்க ஹோம் கிரவுண்டாக இருந்தது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். காட்பாடியிலோ ஆம்பூரிலோ கோவை ரயில் ஏறினால் போய்ச் சேரலாம். ஐ-லீக் பட்டத்தை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப் இதுதான்.

1. லீக் வேற, நாக்-அவுட் வேற

அமெரிக்கன் ஃபுட்பாலில் 2007 சீசனை எடுத்துக்கோங்க. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி லீக் கட்டத்தில் ஆடிய 16 ஆட்டங்களையும் ஜெயித்தது. பிளே-ஆஃபிலும் இரண்டு வெற்றி. ஆனா கடைசி ஆட்டமான சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. கோப்பை போச்சு. 18 வெற்றியும் அந்த ஒரு தோல்விக்கு ஈடாகவில்லை.

ஐ-லீக்கில் அந்த சீசனில் பிளே-ஆஃப் கிடையாது, ஃபைனலும் கிடையாது. 11 அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு முறை மோதணும். ஆக 20 ஆட்டம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. முடிவில் அதிகப் புள்ளி எடுத்தவர் சாம்பியன். அதனால் நவம்பரில் எடுத்த புள்ளிக்கும் மார்ச்சில் எடுத்த புள்ளிக்கும் ஒரே மதிப்பு.

2. டேபிளைப் பாருங்க

சென்னை சிட்டி: வெற்றி 13, டிரா 4, தோல்வி 3. மொத்தம் 43 புள்ளி.
ஈஸ்ட் பெங்கால்: வெற்றி 13, டிரா 3, தோல்வி 4. மொத்தம் 42 புள்ளி.

கவனிச்சீங்களா? வெற்றிகள் சமம். வித்தியாசம் ஒரே ஒரு டிரா. ஈஸ்ட் பெங்கால் தோற்ற ஒரு ஆட்டத்துக்குப் பதிலாக சென்னை சிட்டி ஒரு ஆட்டத்தில் தோற்காமல் இருந்தது. அவ்வளவுதான். "ஜெயிக்க முடியலையா, சரி, தோற்காமலாவது இரு" என்று கோச்கள் கத்துவதன் அர்த்தம் இந்த இரண்டு வரியில் இருக்கு.

இப்ப இன்னும் ஒரு படி உள்ளே போவோம். இந்த இரண்டு அணிகளும் மோதிய இரண்டு ஆட்டங்களிலும், கொல்கத்தாவிலும் சரி, கோவையிலும் சரி, சென்னை சிட்டி 2-1 என்று ஜெயித்தது. அதில் ஒன்று டிரா ஆகியிருந்தால்? சென்னைக்கு 2 புள்ளி குறையும், 41. ஈஸ்ட் பெங்காலுக்கு 1 கூடும், 43. பட்டம் கைமாறியிருக்கும். போட்டியில் இருக்கும் எதிரணியோடு ஆடும்போது நம்ம கணக்கு மட்டுமல்ல, அவங்க கணக்கும் அதே நேரத்தில் மாறும்.

3. கடைசி நாள்: 2019 மார்ச் 9

முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றதால், பட்டம் கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது. அப்போது சென்னை 40, ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் எதிரணி, அதற்கு முந்தைய ஆண்டு சாம்பியனான மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு. புள்ளிகள் எப்படி நகர்ந்தன என்று பாருங்க:

- மூணாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல். இடைவேளையில் சென்னை 0-1. கோழிக்கோட்டில் 0-0. அந்த நொடியில் கணக்கு 40, 40.
- இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். 41, 40.
- கௌரவ் போரா அடித்த கோலில் சென்னை 2-1. புள்ளி 43.
- கோழிக்கோட்டில் முதலில் கோகுலம் முன்னிலை. பிறகு கடைசிக் கட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல் போட்டு 2-1. 43, 42.

இப்போ மினர்வா ஒரு கோல் போட்டால் போதும், சென்னை 41-க்கு இறங்கிடும். கூடுதல் நேரத்தில் போராவே இன்னொரு கோல் போட்டு 3-1 ஆக்கின பிறகுதான் ஸ்டேடியம் மூச்சு விட்டது.

ஷூ கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போனவங்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் கடைசி மேஜையில் நடக்கும். எல்லார் கண்ணும் அங்கேதான். ஆனா ஷூவோட தரம் கட்டிங்கிலும் தையலிலும் லாஸ்டிங்கிலுமே பெரும்பாலும் முடிவாகியிருக்கும். மார்ச் 9 என்பது இன்ஸ்பெக்ஷன். நவம்பரில் கொல்கத்தாவில் எடுத்த 3 புள்ளிதான் தையல்.

4. டேபிள் சொல்லாதது

அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும் இதே அணி பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் கிடந்தது. இந்த முறை சிங்கப்பூர்காரரான அக்பர் நவாஸ் கோச். ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த மான்சி, சாண்ட்ரோ, நெஸ்டர் போன்றவர்கள் நடுவிலும் முன்னாலும் ஆட, அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார், ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம்ம ஊர்ப் பையன்கள். மான்சி மட்டும் 21 கோல்.

அதுக்கப்புறம்? 2019-இல் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2019-20 முதல் ஐஎஸ்எல் முதல் நிலை லீக் ஆனது, ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போயிட்டார். 2021-22 ஐ-லீக்கில் ஆடிய அணிகளில் சென்னை சிட்டியே இல்லை. சாம்பியன் ஆகி மூணு வருஷம்கூட ஆகவில்லை.

ஆனா வீரர்கள் காணாமல் போகவில்லை. எட்வின் சென்னையின் எஃப்சிக்கும், அஜித் பெங்களூரு எஃப்சிக்கும், ரொமாரியோ எஃப்சி கோவாவுக்கும் போனாங்க. அந்த 20 ஆட்டம்தான் அவங்களுக்கு மார்க் ஷீட். நம்ம பக்கத்தில் ஷூ கட்டி கிரவுண்டில் இறங்கும் ஒவ்வொரு பையனும் தெரிஞ்சுக்க வேண்டியது இது: கிளப் நிலைக்குமா என்பது உங்க கையில் இல்லை. ஆடும் சீசனை நல்லா ஆடுறது உங்க கையில் இருக்கு.

செய்து பாருங்க

அடுத்த இன்டர்-டிபார்ட்மென்ட் லீக்கில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகளின் வெற்றி, டிரா, தோல்வியை எழுதுங்க. அவங்க இரண்டு பேரும் மோதிய ஆட்டத்தின் முடிவை மட்டும் மாற்றிப் பாருங்க. கோப்பை எந்த டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுக்குப் போகுதுன்னு பார்த்துட்டு, அந்த ஆட்டம் நடந்த அன்னிக்கு கிரவுண்டில் எத்தனை பேர் இருந்தாங்கன்னும் விசாரிங்க.