மணமான மகளிரும் தலைப்பெழுத்தும்

பெண்ணொருத்தி மணம்புரிந்த பின்னர்த் தந்தையின் தலைப்பெழுத்தை விடுத்துக் கணவனின் தலைப்பெழுத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? இவ்வினா இந்நாளில் நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. முன்னாளில் பெண்டிர் கையொப்பமிட வேண்டிய இடங்களே சிலவாக இருந்தமையால் இது பெரிதும் எழவில்லை. இன்றோ பலர் பட்டமும் பதவியும் பெற்ற பின்னரே மணமேடை ஏறுகின்றனர். 'மாற்றிக்கொள்வதே தொன்றுதொட்டு வந்த மரபு' என்று பெரியோர் சிலர் கூறுவர். அக்கூற்று எத்துணை உண்மை என்று ஆராய்வோம்.

பழைய மரபை அறியக் கல்வெட்டினும் சிறந்த சான்று வேறில்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், முதலாம் இராசராசனின் தமக்கையாரைப் 'பராந்தகன் குந்தவை' என்று குறிக்கின்றன. பராந்தகன் என்பது அவர்தம் தந்தையாராகிய சுந்தர சோழரின் பெயர். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்னும் செய்தியும் ஆங்கேயே சொல்லப்படுகின்றது. கணவரின் பெயர் உறவைச் சுட்டி நிற்க, தந்தையின் பெயர் மணத்திற்குப் பின்னும் நீங்காது அவர் பெயரோடு ஒட்டி நிற்பதைக் காண்கின்றோம்.

அரசகுலத்தார்க்கு மட்டும் உரிய வழக்கோ இது எனின், போளூரை அடுத்த திருமலை விடை கூறும். ஆங்குள்ள ஜிநாலயம் கல்வெட்டுகளில் குந்தவையின் பெயராலேயே வழங்கப்படுகின்றது. முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டொன்று, மல்லியூரில் வாழ்ந்த வணிகர் நன்னப்பயனின் மணவாட்டி சாமுண்டப்பை என்பார் அவ்வாலயத்தில் விளக்கெரிக்கப் பொருள் ஈந்தமையைத் தெரிவிக்கின்றது. கணவரின் பெயர் உண்டு. ஊரும் தொழிலும் உண்டு. ஆயினும் அறம் செய்தவர் சாமுண்டப்பை என்று அவர் பெயர் தனித்தே பொறிக்கப்பட்டுள்ளது. (மலைமேல் நேமிநாதரை வணங்கி இறங்கும் நம்மவர் இக்கல்வெட்டுகளின் பக்கம் திரும்புவதே அரிதாக இருக்கின்றது.)

அவ்வாறாயின் இன்றைய வழக்கம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் ஆட்சியில் பெருகிய பள்ளிப் பதிவேடும் அலுவலகக் கோப்புமே தலைப்பெழுத்தை நம்மிடையே நிலைபெறச் செய்தன. அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனி ஆள் என்னும் நிலையே இல்லை. கணவனுள் அவள் அடங்கியவள். அவள் தன் பெயரிற் சொத்து வைத்துக்கொள்ள 1882 ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக வழிசெய்தது. குடும்பப் பெயரை ஏற்றல் அம்மண்ணுக்குரிய வழக்கம். ஜப்பானிலோ 1876 இல் மனைவி பிறந்தகத்துப் பெயரையே தாங்க வேண்டும் என்று அரசாணை இருந்தது. 1898 ஆம் ஆண்டுச் சட்டந்தான் இல்லத்தார் அனைவர்க்கும் ஒரே பெயர் என்று விதித்தது. பிற்றைநாளில் அதுவே ஆங்கும் 'தொல்மரபு' எனப் பெயர் பெற்றது!

நம் தலைப்பெழுத்தோ குடும்பப் பெயரன்று. தந்தை ஒருவரின் சொந்தப் பெயரின் முதலெழுத்து. இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். 'கணவனும் மனைவியும் ஒரே எழுத்தைத் தாங்கினால் குடும்ப ஒற்றுமை விளங்கும்' என்பார் உளர். கணவன் தாங்குவது தன் தந்தையின் எழுத்து. மனைவி ஏற்பது கணவனின் எழுத்து. ஆகவே, மாற்றிக்கொண்ட பின்னரும் இருவர்க்கும் எழுத்து வேறுதான். மாமனார் பெயரும் கணவன் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினாலன்றி ஒப்புமை வாராது.

தாய்க்கும் பிள்ளைகட்கும் எழுத்து ஒன்றாகும் என்பது மெய்யே. பள்ளியிலும் மருத்துவமனையிலும் அது சிறிது வசதி தரும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயருக்கெனத் தனி இடம் உள்ளமையால், உறவை மெய்ப்பிக்க அவ்வெழுத்து இன்றியமையாததன்று.

மாற்றுவதால் வரும் இடர்ப்பாடே பெரிது. பள்ளி இறுதிச் சான்றிதழிலும் பட்டத்திலும் தந்தையின் எழுத்து. வங்கிக் கணக்கிலும் குடும்ப அட்டையிலும் கணவனின் எழுத்து. இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதுவதும், அரசிதழில் விளம்பரம் செய்வதும், அலுவலகந்தோறும் அலைவதும் அப்பெண்ணின் தலையில் விழுகின்றன. ஓய்வூதியம், காப்பீடு, பத்திரப் பதிவு என்று வரும்போது ஓரெழுத்து வேறுபாடு பல திங்கள் தாமதத்தை விளைவிக்கக் கூடும்.

சட்டமும் இதனைக் கட்டாயமாக்கவில்லை. ஜைனர்களாகிய நமக்கும் பொருந்தும் 1955 ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில், மணப்பெண் பெயரையோ தலைப்பெழுத்தையோ மாற்ற வேண்டும் என்னும் விதி இல்லை. 2005 ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத் திருத்தமோ பிதிரார்ஜிதச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒப்பான உரிமையை வழங்கியது. மணமான மகளை அது விலக்கவில்லை. மகள் என்னும் உரிமை மணத்தால் அறாதபோது, மகள் என்பதைக் காட்டும் எழுத்தை மட்டும் அழிக்கச் சொல்வானேன்?

விரும்பி மாற்றிக்கொள்ளும் பெண்ணைத் தடுப்பதற்கு நாம் யார்? முன்னரே மாற்றிக்கொண்டோர் மீண்டும் மாற்ற வேண்டுவதுமில்லை. ஆனால் நிச்சயதாம்பூலத்தின்போதே மணமகன் வீட்டார் இதனை ஒரு நிபந்தனையாகப் பேசுதல் தகாது. முடிவு அப்பெண்ணினுடையது, பெற்றோர் அதனை முன்கூட்டியே அவளிடம் கேட்டறிதல் வேண்டும்.

நம் ஆலயங்களின் நன்கொடைப் பலகைகளைப் பற்றியும் ஒரு சொல். கணவர் பெயருக்குப் பின் 'குடும்பத்தார்' என்று எழுதி முடித்துவிடுகின்றோம். தம் சேமிப்பிலிருந்து பொருள் ஈந்த அம்மையார் அவ்வொரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றார். அடுத்த திருப்பணிக்குப் பலகை எழுதும்போது, கொடுத்தவரிடமே கேட்டு, அவர் சொல்லும் பெயரை, அவர் இடும் தலைப்பெழுத்தோடு எழுதுமாறு ஆலய நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கின்றோம்.