கிராஷ் ஆன இடத்தில் குற்றவாளி இல்லை

கோ மொழியில் எழுதிய புரோகிராம் ஒன்று 'ஃபவுண்ட் பேட் பாயின்டர் இன் கோ ஹீப்' என்று கத்திவிட்டு விழுகிறது. மறுநாள் வேறொரு செய்தி, வேறொரு ஃபங்ஷன். இந்தக் கட்டத்தில்தான் பலரும் கார்பேஜ் கலெக்டரைத் திட்டத் தொடங்குவார்கள். மெமரி முழுவதையும் சுற்றிவருவது அதன் வேலை. ஆகவே எவரோ கெடுத்துவைத்த பாயின்டர் முதலில் அதன் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். வயலிலும் இதே கதைதான்: நண்டு வளை தலைமடை வரப்பில் இருக்கும். தண்ணீர் தேங்குவது கீழ்வயலில். கீழ்வயலில் நின்று தேடி என்ன பயன்?

தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறந்தாகிவிட்டது. டெல்டாவுக்கான மென்பொருளை டெல்டாவிலேயே எழுதுவோருக்காக ஒரு கற்பனை உதாரணம்: நெல்லின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியிலிருந்து எண்ணை வாங்கி, விவசாயியின் பெயரோடு சேமிக்கும் கோ புரோகிராம். கருவியோடு பேசுவது ஒரு சி லைப்ரரி. கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மெமரி கெட்டு புரோகிராம் விழுந்தால் நம் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். விழாமல், 16ஐ 19 என்று எழுதிவைத்தால் மூட்டை வாசலிலேயே நிற்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

முதல் வேலை, தடயத்தைக் காப்பது. கோட்ரேஸ்பேக் என்ற சூழல் மாறிக்கு 'கிராஷ்' என்று மதிப்புக் கொடுங்கள். லினக்ஸில் யூலிமிட் கட்டளையால் கோர் டம்ப் அளவுக்கான தடையை நீக்குங்கள். விழும்போது மெமரியின் முழுப் பிரதி கிடைக்கும். டெல்வ் டிபக்கரில் அதைத் திறக்கலாம். விழுந்த அதே பைனரியையும் எடுத்துவையுங்கள். புதிதாக பில்டு செய்தது உதவாது.

அடுத்து, கணினியைச் சந்தேகியுங்கள். வெக்கையிலும் தூசியிலும், மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்திலும் ஓடும் பழைய கணினி என்றால் மெம்டெஸ்ட்86+ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள். கெட்ட மதிப்பு சரியான மதிப்பிலிருந்து ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தால் ராம் மீது கை வைக்கலாம். அதே பைனரி இன்னொரு கணினியிலும் அதே விதமாக விழுந்தால் ராமை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வாரம் ஒருமுறை விழுவதை நிமிடத்துக்கு ஒருமுறை விழ வைக்க வேண்டும். ஜிஓஜிசி என்ற சூழல் மாறியின் வழக்கமான மதிப்பு 100. அதை 1 ஆக்கினால் கலெக்டர் ஓயாமல் ஓடும். கோடிபக் மாறியில் கிளாபர்ஃப்ரீயை 1 ஆக்கினால், விடுவிக்கப்பட்ட மெமரியில் 'டெட்பீஃப்' என்ற பதினாறடிமான எண்ணைக் கலெக்டர் நிரப்பிவிடும். விடுவித்த பொருளை எவரோ இன்னும் படிக்கிறார் என்றால் அந்த எண் அங்கே தலைகாட்டும். பிறகு ஜிஓஜிசியை 'ஆஃப்' செய்தும் பாருங்கள். கிராஷ் மறைந்துவிட்டால், விடுவித்த மெமரியை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார் என்ற சந்தேகம் வலுக்கிறது. அதைக் கலெக்டரின் குற்றம் என்று படிக்காதீர்கள்.

நான்காவது, ரேஸ் டிடெக்டர். கோ மொழியில் ஸ்லைஸ் என்பது பாயின்டர், நீளம், கொள்ளளவு என மூன்று மெஷின் வேர்டுகள். ஒரு கோரூட்டின் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று படித்தால், பழைய பாயின்டரும் புதிய நீளமும் சேர்ந்து கையில் வரும். பாதுகாப்பான மொழியிலும் மெமரி கெடுவது இப்படித்தான். டிடெக்டரோடு ஓட்டினால் மெமரி 5 முதல் 10 மடங்கும், நேரம் 2 முதல் 20 மடங்கும் கூடும். 1.14 பதிப்பிலிருந்து, அன்சேஃப் பாயின்டர்களைச் சோதிக்கும் செக்பிடிஆரும் இதோடு சேர்ந்தே இயங்குகிறது. ஆனால் ஓடாத பாதையில் உள்ள பிழை இதற்குத் தெரியாது; சி குறியீட்டின் உள்ளேயும் எட்டிப் பார்க்காது.

பலர் தாண்டிவிடும் படி ஐந்தாவது: கெட்டுப்போன பைட்டுகளை எழுத்தாகப் படித்துப் பாருங்கள். பாயின்டர் இருக்க வேண்டிய இடத்தில் 31 37 32 30 என்ற பதினாறடிமான பைட்டுகள் இருந்தால், அது '1720' என்ற எழுத்துச்சரம். ஈரப்பதக் கருவி 17.20ஐ அனுப்பும் விதம் அதுவாக இருக்கலாம். (எண்ணாக அச்சாகும்போது பைட்டுகள் தலைகீழாகத் தெரியும்.) 224ஐ அடுத்து 174 அல்லது 175 என்று மூன்று பைட்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது யுடிஎஃப்-8 தமிழ். பாயின்டரின் மேல் ஒரு விவசாயியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது! எவர் எழுதினார் என்பதை அந்த உள்ளடக்கமே காட்டிக்கொடுக்கும்.

நம் உதாரணத்தில் '1720' கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். பார்வை சி லைப்ரரிக்குப் போகிறது. கோ கொடுத்த பஃபரை அது வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறது. கருவி மெதுவாகப் பதில் தரும்போது லைப்ரரியின் தனி த்ரெட் அந்தப் பஃபரில் எழுதுகிறது. அதற்குள் கலெக்டர் பஃபரை விடுவித்து, அதே இடத்தை வேறொரு பொருளுக்குக் கொடுத்தாயிற்று. அழைப்பு முடிந்தபின் கோ பாயின்டரை சி வைத்திருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்த 1.6 பதிப்பிலேயே உண்டு. ஆனால் கோ குறியீட்டை சியோடு இணைக்கும் சிகோவின் சோதனை இந்த மீறலைப் பிடிக்காது. தீர்வு எளிது: பஃபரை சி பக்கத்து மால்லாக்கில் ஒதுக்குங்கள். அல்லது 1.21 பதிப்பில் வந்த 'ரன்டைம் பின்னர்' என்ற வசதியைக் கொண்டு பொருளை அங்கேயே நிறுத்தி, லைப்ரரி முடித்தபின் விடுங்கள்.

இத்தனைக்கும் அகப்படாவிட்டால் உங்கள் குறியீட்டுக்கு வெளியே போங்கள். 2017இல் ஹெக்டர் மார்ட்டின் என்ற நிரலாளரின் கணினியில் புரோமித்தியஸ் கண்காணிப்பு மென்பொருளின் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற கோ புரோகிராம் விழுந்துகொண்டே இருந்தது. ராமில் ஒரு பிட் நிஜமாகவே பழுது. அதை விலக்கிய பிறகும் விழுந்தது. கடைசியில் குற்றவாளி லினக்ஸ் கெர்னல் தரும் விடிஎஸ்ஓ ஃபங்ஷன். ஜிசிசியின் ஸ்டாக் சோதனை விருப்பத்தால், அது கோ கொடுத்த சின்ன ஸ்டாக்கைத் தாண்டிக் கீழே 0வை 'ஆர்' செய்துகொண்டிருந்தது. 0வை ஆர் செய்தால் மதிப்பு மாறாதுதான். ஆனால் படிப்பதற்கும் திருப்பி எழுதுவதற்கும் இடையில் இன்னொரு த்ரெட் அங்கே எழுதினால், அந்த எழுத்து அழிந்துபோகும். கெர்னலின் ஆப்ஜெக்ட் கோப்புகளை ஹாஷ் கொண்டு பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் சந்தேகத்துக்குரிய ஒரு கெர்னல் விருப்பத்தோடு பில்டு செய்து வட்டத்தைச் சுருக்கினார். உங்கள் புரோகிராமிலும் இந்த முறை செல்லும்.

சம்பா அறுவடை தை, மாசியில். கொள்முதல் கூட்டம் வந்தபின் 20 மடங்கு மெதுவாக ஓடும் புரோகிராமை யாரும் பொறுக்க மாட்டார்கள். மேலே சொன்ன சோதனைகளை மார்கழிக்குள் முடித்துவிடுங்கள்.