கண்டதும் ஊகித்ததும்

ஜான் பேட்ரிக் ஷான்லியின் ‘டவுட்’ நாடகம் 2005இல் புலிட்சர் பரிசு பெற்றது. 2008இல் அவரே அதைப் படமாக இயக்கினார். களம், 1964ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. பாதிரியார் ஃபிளின், பள்ளியின் ஒரே கறுப்பின மாணவனிடம் தவறாக நடந்தாரா? கடைசிவரை விடை கிடைப்பதில்லை.

நான் ஆசிரியர்களிடம் பேச விரும்புவது சிஸ்டர் ஜேம்ஸ் என்ற இளம் ஆசிரியையைப் பற்றி. பாதிரியார் அழைத்துப் பேசியபின் வகுப்புக்குத் திரும்பிய மாணவன் கலங்கியிருந்தான். மூச்சில் மது வாடை. அதைத் தலைமையாசிரியையிடம் சொன்னது சரிதான், மறைத்திருந்தால்தான் பிழை. ஆனால், பூசைக்கு வைத்திருந்த திராட்சை இரசத்தைப் பையனே குடித்தான் என்று பாதிரியார் சொன்னதும் நிம்மதியாக நம்பிவிடுகிறார். தலைமையாசிரியை சிஸ்டர் அலோய்சியஸோ இம்மியும் அசையாமல், பாதிரியாரின் பழைய பங்கில் விசாரித்ததாகப் பொய்யே சொல்கிறார். பாதிரியார் பதவி உயர்வுடன் வேறு பங்குக்குப் போகிறார். அங்கும் பள்ளி உண்டு!

நாடகத்தில் நான்கே பாத்திரங்கள். மாணவன் மேடைக்கு வருவதேயில்லை. படத்தில்தான் அவன் முகத்தைப் பார்க்கிறோம்.

ஆசிரியர் கூட்டத்தில் இப்படத்தை ஆங்காங்கே நிறுத்தி, கண்டது, கேட்டது, ஊகித்தது என்று தனித்தனியே எழுதச் செய்யலாம். ஊகித்ததே முதலில் நிரம்பும் என்பது என் எண்ணம். பிறகு கேளுங்கள்: இத்தனை பேர் பேசினார்களே, அந்த மாணவனுக்கு யார் என்ன செய்தார்கள்?