மருத்துவச்சியின் கைகள்

இன்று சுபாங் ஜெயாவில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டால், சிறிது நேரத்திலேயே மருத்துவமனையை அடைந்துவிடலாம். ஆனால், இந்நகரம் எழுந்த நிலம் ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டமாக இருந்தது. 1970களில்தான் அது வீடமைப்புப் பகுதியாக மாறத் தொடங்கியது. அதற்கு முன், நாட்டின் பல தோட்டங்களில் நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால், லயத்து மக்கள் முதலில் ஓடியது அனுபவம் மிக்க ஒரு பாட்டியின் வீட்டிற்கே. அவர்தான் மருத்துவச்சி. மலாய்க் கம்பங்களில் அவரைப் ‘பிடான் கம்போங்’ என்று அழைத்தனர்.

மருத்துவச்சி எந்தப் பள்ளியிலும் பயின்றவர் அல்லர். தாயிடமோ பாட்டியிடமோ பார்த்துப் பழகியவர். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றுவது, பத்திய உணவு சமைப்பது, உடலை உருவிவிடுவது எனப் பல நாள்கள் துணை நிற்பார். அதனால், குடும்பத்தினர் அவரை முழுமையாக நம்பினர்.

அந்த அன்பான கைகளிலும் ஓர் ஆபத்து மறைந்திருந்தது. கழுவாத கைகள், கொதிக்க வைக்காத கத்தி, தொப்புள்கொடியில் தடவிய சாம்பல் ஆகியவற்றின் வழி நோய்க்கிருமிகள் உடலுக்குள் புகுந்தன. பிறந்த குழந்தைகள் சிலர் டெட்டனஸ் எனப்படும் இரணசன்னியால் இறந்தனர். இவ்வறியாமை மருத்துவச்சிகளுக்கு மட்டும் உரியதன்று. 1847இல் வியன்னா மருத்துவமனையில், மருத்துவர்களின் கைகளே தாய்மாருக்குக் காய்ச்சலைக் கொண்டு செல்கின்றன என்பதை இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டறிந்தார். குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்ததும் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. எனினும், சக மருத்துவர்கள் பலர் அவர் சொல்லை ஏற்க மறுத்தனர்.

நாடு விடுதலை பெற்ற 1957இல், ஒவ்வொரு 100,000 பிறப்புக்கும் ஏறத்தாழ 280 தாய்மார் உயிரிழந்தனர். கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தின்கீழ், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்னும் இலக்குடன், பயிற்சி பெற்ற தாதியர் கம்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மக்களோ பழகிய பாட்டியையே நாடினர். அவரைத் தடுத்தால் பிரசவம் மறைவாக நடக்கும்; அப்படியே விட்டால் ஆபத்து தொடரும். ஆகவே, அரசாங்கம் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. 1966ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டத்தின்கீழ், பாரம்பரிய மருத்துவச்சிகளும் பதிவு செய்யப்பட்டனர், பயிற்சியும் பெற்றனர்.

தூய்மையான கைகள், தூய்மையான படுக்கை, தூய்மையான தொப்புள்கொடி ஆகிய மூன்றும் அத்தகைய பயிற்சியின் அடிப்படைப் பாடங்கள். ஆபத்தின் அறிகுறிகளை அறிவதும் முக்கியம். மிகையான இரத்தப்போக்கு, வலிப்பு, நெடுநேரம் நீடிக்கும் வலி ஆகியவற்றைக் கண்டால், தாயை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இங்கேதான் பயிற்சியின் எல்லையும் தெரிகிறது. தூய்மையான கைகள் கிருமியைத் தடுக்கும். பெருகும் இரத்தத்தை நிறுத்திவிடா. அதற்கு மருந்தும் இரத்தமும் மருத்துவரும் தேவை. தாய்மார் இறப்புக்கு மூன்று தாமதங்கள் காரணம் என ஆய்வாளர்கள் கூறுகின்றனர். அவை: முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அங்குச் சிகிச்சை பெறுவதில் தாமதம். சாலையும் வண்டியும் இரண்டாம் தாமதத்தைக் குறைக்கும். முதல் தாமதத்தைக் குறைக்கக் குடும்பத்தார் நம்பும் ஒருவரின் சொல் வேண்டும். தயங்கி நிற்கும் குடும்பத்திடம், “இது என் கைக்கு மீறியது; உடனே கிளம்புங்கள்,” என்று மருத்துவச்சி சொன்னால், அச்சொல்லே ஓர் உயிரைக் காக்கும்.

நாளடைவில், பிரசவம் பார்க்கும் பொறுப்பு தாதியரிடமும் மருத்துவரிடமும் சென்றது. தாய்மார் இறப்பு ஒவ்வொன்றையும் ஆராயும் முறை 1991இல் தொடங்கியது. விடுபட்ட இறப்புகளும் கணக்கில் சேர்ந்ததால், அதுவரை 20 அளவில் பதிவான விகிதம் 44ஆக உயர்ந்தது. எண்ணிக்கை கூடியது அவமானமன்று. உண்மையை அறிந்தால்தான் குறையைக் களைய முடியும்.

இன்றும் சில வீடுகளில், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைக்கவும் உடல் உருவிவிடவும் அனுபவமிக்க பெண்களை அழைக்கின்றனர். அறிவியல் அவர்களின் அன்பை அகற்றவில்லை. அதற்குரிய இடத்தைக் காட்டியது.

அருஞ்சொற்பொருள்
கம்பம் – மலாய்க் கிராமம்
லயம் – தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை
பத்தியம் – உடல்நலத்திற்கான உணவுக் கட்டுப்பாடு

சிந்தனை வினாக்கள்
1. மருத்துவச்சிகளைத் தடுக்காமல் அவர்களுக்குப் பயிற்சி அளித்ததன் காரணம் யாது?
2. முதல் தாமதத்தைக் குறைப்பதில் மருத்துவச்சியின் பங்கு என்ன?
3. 1991இல் விகிதம் உயர்ந்ததை முன்னேற்றமாகக் கருதலாமா? காரணத்துடன் விளக்குக.