முரசு நோயும் அதன் காரணங்களும்

பற்களின் நோய் பற்றிய வினாவுக்குப் பெரும்பாலான மாணவர்கள் பற்சூத்தையைப் பற்றி மட்டுமே எழுதுகின்றனர். ஆனால் சூத்தையே இல்லாத பல்லும் ஆடி விழக்கூடும். முரசு நோயே இதற்கு முக்கிய காரணம்.

1. பல்லைத் தாங்கும் பகுதிகள்

பல்லின் வேர் தாடையென்பிலுள்ள குழியில் அமைந்துள்ளது. நார்கள் அதனை என்புடன் பிணைக்கின்றன. இவற்றை மூடியுள்ள மென்மையான இழையமே முரசு ஆகும். நலமான முரசிலிருந்து பல் துலக்கும்போது குருதி கசியாது.

2. நோய் ஏற்படும் விதம்

(அ) பல் துலக்கிய சில மணித்தியாலங்களில் பற்றீரியாக்கள் செறிந்த ஒட்டும் படலம் பல்லில் உருவாகத் தொடங்கும். இது பற்படலம் எனப்படும்.
(ஆ) இது அகற்றப்படாவிடின், உமிழ்நீரிலுள்ள கல்சியம், பொசுபேற்று என்பன படிந்து பற்காரையாக இறுகும். பற்காரையைத் தூரிகையால் அகற்ற முடியாது. பல் வைத்தியரே அகற்ற வேண்டும்.
(இ) பற்றீரியாக்கள் வெளிவிடும் பதார்த்தங்களுக்கு உடல் காட்டும் துலங்கலால் முரசு சிவந்து வீங்கும், குருதி கசியும். இது முரசு அழற்சி. இந்நிலை முற்றாகக் குணமாகக்கூடியது.
(ஈ) நோய் முற்றினால் முரசு பல்லைவிட்டு விலகிப் பைகள் உருவாகும். நார்களும் என்பும் அழியும். அழிந்த என்பு தானாக மீள வளராது. பல் ஆடி ஈற்றில் விழும்.

3. ஆய்வுச் சான்றுகள்

1965 இல் வெளியான ஓர் ஆய்வில், நலமான முரசுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுள் அனைவருக்கும் முரசு அழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் குணமாயிற்று. எனவே பற்படலமே முதன்மைக் காரணம் என்பது தெளிவாயிற்று.

இதே ஆய்வாளர் ஹரால்ட் லோவும் குழுவினரும் 1970 முதல் 1985 வரை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரை ஆராய்ந்தனர். பற்சிகிச்சை வசதி கிடைக்காத இவர்கள் அனைவரிடமும் பற்படலமும் முரசு அழற்சியும் காணப்பட்டன. எனினும் ஏறத்தாழ 8% இனரில் நோய் விரைவாகவும் 81% இனரில் மிதமாகவும் முற்றியது. 11% இனரில் முரசு அழற்சிக்கு அப்பால் செல்லவில்லை. எனவே நோயின் வேகம் உடலின் துலங்கலிலும் தங்கியுள்ளது.

4. நோயைத் தூண்டும் ஏனைய காரணிகள்

• புகைத்தல். புகைப்போரில் குருதிக்கசிவு குறைவாகத் தெரிவதால் நோய் மறைந்திருக்கலாம்.
• கட்டுப்படுத்தப்படாத நீரிழிவு
• பூப்பு, கர்ப்ப காலங்களில் ஏற்படும் ஓமோன் மாற்றங்கள்
• விற்றமின் சீ குறைபாடு

5. மாதிரி வினா

“முரசில் குருதி கசிவதால் அவ்விடத்தைத் துலக்காமல் விடுகிறேன்” என ஒருவர் கூறுகிறார். இது சரியா? விளக்குக.

விடை: தவறு. குருதிக்கசிவு முரசு அழற்சியின் அறிகுறியாகும். துலக்காவிடின் பற்படலம் மேலும் சேர்ந்து நோய் முற்றும். மென்மையான தூரிகையால் முரசு ஓரத்தை நாளுக்கு இரு தடவை துலக்க வேண்டும். கசிவு தொடர்ந்தால் பல் வைத்தியரை நாட வேண்டும்.

நினைவிற் கொள்க: முரசு நோய் பெரும்பாலும் வலியின்றியே வளரும். வலி வரும்வரை காத்திருப்பவர் குணமாக்கக்கூடிய நிலையைத் தவறவிடுகிறார். ஆகவே குருதிக்கசிவையே முதல் எச்சரிக்கையாகக் கொள்க.