என்ஜினைப் பிரிக்கும் முன் காதைக் கொடுங்க!
திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரான மிட்சுபிஷி லான்சர் 1998-ல் விற்பனைக்கு வந்தது. அந்த 2.0 லிட்டர் டீசல் கார் ஒண்ணு, பேட்டரியும் குளோ பிளக்கும் நல்லா இருந்தும் காலையில ஸ்டார்ட் ஆகலைன்னு வெச்சுக்குவோம். உடனே என்ஜினை இறக்கணுமா?

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடாகும் காற்றே எரிபொருளைப் பற்றவைக்கும். அந்த அழுத்தம் எங்கே கசியுது? இரு வால்வும் மூடியிருக்க, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வண்டி அசையாதபடி கியரில் பூட்டி, குளோ பிளக் துளை வழியா கம்ப்ரஸர் காற்றை விட்டுக் கேளுங்க.

சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியில் என்றால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஆயில் மூடியில் லேசான சீறல் சகஜம்தான். நாலு சிலிண்டரையும் ஒப்பிட்டுப் பாருங்க.

வால்வோ கேஸ்கெட்டோ என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். ரீபோர் செலவு மிச்சம்!